நான் கோழி வளர்த்த கதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"கோழி வளர்ப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? தவிட்டைப் போட்டால் தின்னும், கூடையைக் கவிழ்த்தால் தூங்கும்" என்று நினைப்பவர்கள் இந்தக் கட்டுரையை அவசியம் படிக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி வரை நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவள்தான்.

அன்று காலை அம்மாவும் நானும் சிங்கபெருமாள் கோவிலில் பேருந்து மாறினோம். என் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டியின் நான்கு பக்கமும் வட்ட வட்டமாய்த் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு மூக்கு! நடத்துநர் குனிந்து பார்த்தார்.

"உள்ளே எத்தனைம்மா?"

"ஐம்பத்தொண்ணு, சார்."

"பெட்டைக்கெல்லாம் இலவசம். சேவலுக்கு மட்டும் டிக்கெட் எடுத்துடுங்க."

பேருந்தே சிரித்தது. ஒரு நாள் வயதுக் குஞ்சில் எது சேவல், எது பெட்டை என்று சொல்ல எனக்கு எப்படித் தெரியும்? ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரும் வரை பெட்டிக்குள் கச்சேரி ஓயவே இல்லை. ஐம்பதுக்குத்தான் பணம் கொடுத்தோம், தலைக்கு முப்பத்தைந்து ரூபாய். ஒன்று கொசுறு. வழியில் ஒன்றிரண்டு போனால் போகட்டும் என்று கொடுக்கிற கொசுறு அது என்பது பிறகுதான் விளங்கியது.

பணம் அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுவில் வாங்கிய கடன். ஐயாயிரம் ரூபாய். ஆயாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையான பிறகு, கேன்டீன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா வீட்டிலேயே இருக்கும்படி ஆயிற்று. வீட்டில் இருந்தபடியே ஏதாவது செய்ய வேண்டும். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அம்மாவை நான்தான் அழைத்துப் போனேன். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். குறிப்பெடுத்தது நான். ஆகவே வீட்டில் இந்த விஷயத்துக்கு நானே "டாக்டர்" ஆனேன். அந்தப் பட்டத்தின் கதியைக் கேளுங்கள்.

முதலில் ஒரு சந்தேகம். எங்கள் ஆயா ஐம்பது வருடம் கோழி வளர்த்தவர். ஒரு குஞ்சைக்கூட விலைக்கு வாங்கியதில்லை. கோழி அடைக்கு உட்காரும், இருபத்தொரு நாளில் பொரிக்கும், தாயே கூட்டிக்கொண்டு மேயும். அப்படியிருக்க நாங்கள் ஏன் பெட்டியில் வாங்கி வந்தோம்? எங்கள் தெருவில் அடைக்கு உட்கார ஒரு கோழியும் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரகடம், வல்லம் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள் எழும்பின. களமும் வைக்கோல் போரும் போயின. கோழி கிளறும் குப்பைமேடும் போயிற்று. இருக்கும் மண்ணிலெல்லாம் வாடகை அறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கிளற மண் இல்லாவிட்டால் கோழி எங்கே போகும்? எங்கள் வீட்டுப் பின்புறம் மட்டும் பதினைந்தடிக்கு இருபதடி மிச்சமிருந்தது. சாலையோரப் பழைய மரக்கடையில் விற்கும் பேலட் கட்டைகளை வாங்கி அப்பா ஒரு கொட்டகை போட்டார். மேலே பழைய சிமெண்ட் ஷீட். அதையும் நினைவில் வையுங்கள், சித்திரையில் அந்த ஷீட் மறுபடி வரும்.

குஞ்சு பொரித்து வெளிவரும்போது அதன் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு அதுவே அதன் கட்டுச்சோறு. அதனால்தான் தீவனமும் தண்ணீரும் இல்லாமல் பெட்டியில் பயணம் செய்கிறது. ஆனால் சூட்டுக்குக் கட்டுச்சோறு கிடையாது. உடம்பில் இருப்பது இறகல்ல, வெறும் பஞ்சு. தன் உடம்பின் சூட்டைத் தானே காக்கும் வல்லமை வர நான்கைந்து வாரம் ஆகும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று என் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். குளிர்காலத்தில் குஞ்சுக்கு இரண்டு வாட்ஸ் என்று பல்பு போட வேண்டும் என்றும் எழுதியிருந்தேன்.

ஐம்பது குஞ்சுக்கு நூறு வாட்ஸ். கணக்கில் நான் புலி அல்லவா! கடையில் இரண்டு பல்பு வாங்கினேன். அட்டையில் "9 வாட்ஸ், 60 வாட்ஸுக்குச் சமம்" என்று போட்டிருந்தது. அறுபதும் அறுபதும் நூற்றிருபது. தேவைக்கு மேலேயே இருக்கிறது என்ற திருப்தியோடு மாட்டினேன். கொட்டகை கல்யாண வீடு போல் ஒளிர்ந்தது.

இரவெல்லாம் குஞ்சுகள் கத்தின. பசி என்று நினைத்து மக்காச்சோள நொய் போட்டேன். தாகம் என்று நினைத்து வெல்லத் தண்ணீர் வைத்தேன். விடியற்காலையில் பார்த்தால் மூன்று விறைத்துக் கிடந்தன. ஆயா கட்டிலில் இருந்தபடியே ஒரு பல்பைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். எரிந்துகொண்டிருந்த பல்பின் கண்ணாடியை நான் வெறுங்கையால் பிடித்துக் கழற்றிக்கொண்டு போனதைப் பார்த்ததுமே கேட்டார்:

"ஏண்டி, கை சுடலையா?"

"இல்ல ஆயா."

"அப்போ குஞ்சுக்கு மட்டும் எப்படிடி சுடும்?"

எல்இடி பல்பு "அறுபதுக்குச் சமம்" என்பது வெளிச்சத்தில். பழைய குண்டு பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கிறது என்பதால்தானே அதை வீட்டிலிருந்து விரட்டினோம்! அந்த வீண்தான் எனக்கு வேண்டியிருந்தது. இயற்பியலைத் துணைப்பாடமாகப் படிக்கிற எனக்கு இது தெரியவில்லை. பள்ளிக்கூடமே போகாத ஆயாவுக்குக் கையில் தெரிந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பா தூங்காமல் ஸ்ரீபெரும்புதூர் கடைவீதி முழுவதும் குண்டு பல்பு தேடினார். "அதெல்லாம் இப்ப யார் வாங்கறாங்க?" என்றார்கள். ஐந்தாவது கடையில், பரணில் கிடந்த பழைய சரக்கில் நான்கு அறுபது வாட்ஸ் பல்புகள் அகப்பட்டன. நான்கையும் வாங்கி வந்துவிட்டார். அவற்றில் இரண்டை மாட்டிய பதினைந்தாவது நிமிடம் கொட்டகையில் சத்தம் அடங்கிவிட்டது. குஞ்சுகள் பல்புக்குக் கீழே கால் நீட்டி, கழுத்தைக் கீழே போட்டுப் படுத்தன. செத்துவிட்டன என்று அலறினேன். தூங்குகின்றன, அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டிலும் மூன்று ஷிப்ட். கல்லூரி விட்டு வந்ததிலிருந்து இரவு பத்து வரை நான், பத்திலிருந்து விடியும் வரை அம்மா, காலையில் வேலை முடிந்து வந்ததும் அப்பா. குஞ்சுகளைச் சுற்றி அட்டையால் வட்டமாக ஒரு தடுப்பு. கீழே இரண்டு அங்குலம் நெல் உமி, அதன் மேல் செய்தித்தாள். தண்ணீர்த் தட்டில் குஞ்சு விழுந்து நனையாதிருக்கக் கூழாங்கற்கள். குஞ்சுகள் பேசும் மொழியும் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. பல்புக்குக் கீழே குவிந்து கத்தினால் குளிர். தடுப்போரம் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து வாடைக்காற்று புகுகிறது. கூளமெங்கும் பரவி, பொறுக்கியபடி மெல்ல முணுமுணுத்தால் எல்லாம் சரி. அந்த முணுமுணுப்பு இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு. இந்த நோய்க்கு இன்னொரு பெயர் ராணிக்கெட். நான் வெகுநாள் வரை இது நம் ராணிப்பேட்டையில் தோன்றிய நோய் என்றே நினைத்திருந்தேன். ராணிக்கெட் இமயமலையடியில், இன்றைய உத்தரகாண்டில் உள்ள ஊர். அதே நோய் 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. நம் ராணிப்பேட்டையில் இருப்பது தடுப்பு மருந்து செய்யும் அரசு நிலையம். நோய்க்கும் மருந்துக்கும் இப்படிப் பெயர்ப் பொருத்தம் அமைந்தது வேடிக்கைதான்!

எங்கள் ஏழாம் நாள் நவம்பர் 30. வாசகர்களில் பலருக்கு அந்தத் தேதி நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த நாள். முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. மருந்து வாங்கப் போக முடியவில்லை. வேலைக்குப் போன அப்பா திரும்ப முடியவில்லை. ஆயா படுத்திருந்த அறையில் ஓடு ஒழுகியது. அம்மா கட்டிலை இழுத்துப் போட்டு, பாத்திரம் வைத்து, ஆயாவைத் திருப்பிப் படுக்க வைத்து, ஒரு நிமிடம் உட்காரவில்லை. இரவு பத்தரைக்கு மின்சாரம் நின்றது. சற்று நேரத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்தது. உமி மிதந்தது.

குஞ்சுகளை அள்ளி வீட்டுக்குள் கொண்டுவந்தோம். வைக்க இடம்? பரணில் ஒரு பெரிய டி.வி. அட்டைப்பெட்டி இருந்தது. அதில் பழைய புடவையை விரித்து நாற்பத்தெட்டையும் விட்டோம். வெந்நீர் போட்டு நான்கு பாட்டில்களில் ஊற்றித் துணி சுற்றி நடுவில் வைத்தோம். "ஒரு மணிக்கு ஒருதரம் வெந்நீர மாத்து. நான் ஆயாவப் பாத்துக்கறேன்" என்றார் அம்மா. பன்னிரண்டுக்கு மாற்றினேன். ஒன்றுக்கு மாற்றினேன். இரண்டுக்கு மாற்றிவிட்டுச் சுவரில் தொங்கிய வெப்பமானியைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். 73 டிகிரி. குறிப்பேட்டில் எழுதினேன். பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கண் விழித்தபோது மணி நாலே முக்கால்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பெட்டியில் சத்தமே இல்லை. பாட்டில்கள் சில்லிட்டுக் கிடந்தன. குஞ்சுகளெல்லாம் ஒரு மூலையில் குவியலாக, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. மேலே இருந்தவை அசைந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் புடவையில் விட்டேன். அடியிலிருந்து வந்தவை தலையைத் தொங்கப் போட்டன. அவை சில்லிட்டிருக்கவில்லை. கதகதப்பாகவே இருந்தன. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. அவை குளிரில் சாகவில்லை. மேலே ஏறியவற்றின் பாரத்தில் மூச்சு முட்டிச் செத்திருந்தன. வட்டத் தடுப்பில் மூலை கிடையாது. வட்டமாக வைக்கச் சொன்னதே அதற்காகத்தான். பெட்டிக்கு நான்கு மூலைகள். குறிப்பேட்டில் "வட்டம்" என்று எழுதியிருக்கிறேன். ஏன் வட்டம் என்று எழுதிக்கொள்ளவில்லை.

பதினேழு.

அம்மா வந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். முறத்தை எடுத்துவந்து பதினேழையும் எடுத்து வைத்தார். மீதியை மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டு, ஆயாவின் கட்டிலோரம் போய் உட்கார்ந்தார். விடிகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அடுப்பைப் பற்ற வைத்து வெந்நீர் போட்டேன். யாருக்கும் தேவைப்படாத வெந்நீர்.

மழை விட்ட பிறகு கொல்லையில் குழி தோண்டினேன். முப்பத்தைந்து ரூபாய் வீதம் பதினேழுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் என்று மனம் கணக்குப் போட்டது. அதற்காக என்னையே வெறுத்தேன். ஆனால் அடுத்த வாரம் குழுக் கூட்டத்தில் தவணை கட்ட வேண்டும் என்பதும் உண்மைதானே.

டிசம்பர் 4-ஆம் தேதி ஃபிளாஸ்க்கில் பனிக்கட்டி போட்டு அதில் மருந்தைக் கொண்டுவந்தோம். குஞ்சுக்குச் சூடு குறையக் கூடாது, மருந்துக்குச் சூடு ஏறக் கூடாது. கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நான் பிடிக்க, அம்மா கண்ணில் ஒரு சொட்டு விட்டார். முப்பத்தொன்றுக்கும் கை நடுங்காமல் விட்டார். "டாக்டர்" பட்டம் அன்றே கை மாறிவிட்டது.

அதன் பின் கதை வேகமாக ஓடிவிட்டது. மார்கழியில் இறக்கை முளைத்தது. தை பிறந்தபோது பல்பை நிறுத்தினோம். இடையில் இரண்டு போயின, காரணம் தெரியாது. இருபத்தொன்பது தேறின, பதினாறு சேவல், பதின்மூன்று பெட்டை. அதுவரை தவணையை அப்பாவின் ஓவர்டைம் கட்டியது. பங்குனியில் பதினான்கு சேவல்களை விற்றோம். வாடகை அறைகளில் குடியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள்தான் பெரும்பாலும் வாங்கினார்கள். எடை 16.8 கிலோ, கிலோ 370 ரூபாய், ஆக 6,216 ரூபாய். ஒரு சேவல் குலதெய்வத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. தீவனம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பதின்மூன்று பெட்டைகள் மிச்சம்.

"மறுபடி வாங்கலாமா?" என்று அம்மாதான் கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இரண்டாவது பெட்டி 2025 ஏப்ரல் 20-ஆம் தேதி வந்தது. சித்திரை மாதம். இம்முறை நான் ஏமாறுவேனா? குண்டு பல்பு இரண்டும் தயார். வட்டத் தடுப்பு தயார். சுவரில் தொங்கிய வெப்பமானியைக் கழற்றிக் குஞ்சின் முதுகு உயரத்தில், உமிக்கு இரண்டு அங்குலம் மேலே கட்டினேன். புயலன்று நான் எழுதிய 73 டிகிரி சுவரின் சூடே தவிர, பெட்டியின் அடியில் என்ன சூடு என்பது எனக்குத் தெரியவே தெரியாது என்பதை இடைப்பட்ட மாதங்களில் ஆயிரம் முறை நினைத்துப் பார்த்திருந்தேன்.

முதல் இரவு பிரமாதமாகக் கழிந்தது. மறுநாள் நான் கல்லூரிக்குப் போய்விட்டேன். "பல்பை மட்டும் அணைச்சிடாதே" என்று அம்மாவிடம் மூன்று முறை சொல்லிவிட்டுப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் இரண்டு செத்துக் கிடந்தன. மற்றவையெல்லாம் தடுப்போரம் ஒட்டிக்கொண்டு, இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து நின்றன. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரவில் குளிர்ந்துவிடப் போகிறதே என்று பல்பை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன்! அது என்ன மொழி என்று எனக்குத் தெரியும். முதல் பெட்டியிலேயே படித்த மொழி. ஆனால் கண் பார்த்ததை மனம் ஏற்கவில்லை. என் மனத்தில் அப்போதும் மழை பெய்துகொண்டிருந்தது.

மறுநாள் மதியம் இன்னும் இரண்டு. அன்று கல்லூரிக்குப் போகாமல் உட்கார்ந்து பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு அம்மா பல்பை அணைக்கச் சொன்னார். அணைத்து அரை மணி கழித்து வெப்பமானியைப் பார்த்தேன். பல்பே இல்லாமல் 103 டிகிரி! சிமெண்ட் ஷீட் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. 95 வேண்டிய இடத்தில், நான் 103-க்கு மேல் இரண்டு பல்பும் போட்டு அவித்திருக்கிறேன்.

பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அந்த மூச்சோடு நீரும் போய்விடும். அதனால் முதல் வேலையாகத் தண்ணீர்த் தட்டை இரண்டாக்கினோம். ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பி, பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் தண்ணீர் தெளித்தோம். மேற்குப் பக்கம் கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். தடுப்பை அகலமாக்கினோம். பல்பு இரவு ஒன்பதுக்கு மேல்தான், அதுவும் ஒன்றே. விடியற்காலையில் மட்டும் இரண்டாவது. பிறகு ஒன்றே ஒன்றுதான் செத்தது. நாற்பத்தாறு வளர்ந்தன.

இதைத் துறைப் பேராசிரியை அம்மையாரிடம் சொன்னபோது அவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். எகிப்தில் பல நூற்றாண்டுகளாக, அடைகோழி இல்லாமலேயே, மண்ணால் கட்டிய பெரிய அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கில் முட்டைகளை அடுக்கிக் குஞ்சு பொரிக்க வைத்தார்களாம். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தே சூட்டைச் சொல்வார்களாம். அந்த வித்தையை ஐரோப்பாவுக்கு விளக்கி 1749-இல் புத்தகம் எழுதியவர் ரேமூர் என்ற பிரெஞ்சு அறிஞர். வெப்பநிலை அளவைகளில் ரேமூர் அளவை என்று ஒன்றைப் படிக்கிறோமே, அதே ரேமூர்தான். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் இதைச் சொன்னேன். "கண்ணிமையா? நான் கன்னத்துல வச்சுப் பாப்பேன்" என்றார், ஏதோ பக்கத்து ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசுவது போல.

மூன்றாம் பருவத்தில் எங்களுக்குக் கருவியல் செய்முறை. நுண்ணோக்கியில் கோழிக்கரு. 24 மணி நேரம், 33 மணி நேரம், 48, 72 என்று சிலைடுகள். தோழிகள் சலித்துக்கொண்டார்கள். நான் 33 மணி நேரச் சிலைடை விட்டு நகரவில்லை. சின்னக் குழாய் போல ஓர் இதயம். இன்னும் சில மணி நேரத்தில் அது துடிக்கத் தொடங்கியிருக்கும். இருபத்தொரு நாள் முட்டைக்குள் இத்தனை வேலை செய்துவிட்டு வந்ததை நான் இரண்டே முக்கால் மணி நேரம் தூங்கிக் கெடுத்தேன் என்று தோன்றியது. பதிவேட்டில் படம் மட்டும் வரைந்தேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

சென்ற கார்த்திகையில் முதல் பெட்டிப் பெட்டைகளில் ஒன்று, கழுத்தில் மயிர் குறைந்த சாம்பல் நிறத்துக்காரி, அடைக்கு உட்கார்ந்தது. அதுவும் புயலன்று அந்தக் குவியலில் கிடந்து பிழைத்ததுதான். பல்பின் கீழே வளர்ந்த அதற்குத் தாய் என்றால் என்னவென்று எப்படித் தெரியும் என்பது என் கவலை. ஆயா பதினோரு முட்டை வைக்கச் சொன்னார். மார்கழி முதல் வாரத்தில் ஒன்பது பொரித்தன.

விடியற்காலைப் பனியில் குஞ்சுகளோடு அது கொல்லையில் இறங்கியபோது நான் பதறிப் போனேன். வெப்பமானியில் 70 டிகிரி. குறிப்பேட்டின்படி 95 வேண்டும். ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று கையை நீட்டினேன். கையில் கொத்திச் சதையைப் பெயர்த்துவிட்டது. பிறகு திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் நேரம் குறித்தேன். குஞ்சுகள் நாலைந்து நிமிடம் மேய்கின்றன. ஒன்று நடுங்கிக் கத்துகிறது. தாய் அந்த இடத்திலேயே உட்கார்ந்து இறக்கையை அகட்டுகிறது. எல்லாம் உள்ளே. ஏழெட்டு நிமிடம் கழித்து ஒரு தலை வெளியே, பிறகு எல்லாம் வெளியே. மறுபடி மேய்ச்சல். வெயில் ஏற ஏற உட்காரும் தடவைகள் குறைந்தன. பத்து மணிக்கு மேல் அது உட்காரவே இல்லை. 95 டிகிரியைக் குஞ்சுகள் நாள் முழுவதும் கேட்கவில்லை, அவ்வப்போது வந்து வாங்கிக்கொண்டு போயின. மூன்று நாள் இப்படி எழுதியதில் நான்கு பக்கம் நிரம்பியது. ஒரு குஞ்சைப் பருந்து கொண்டுபோயிற்று. அதற்கு நானும் கோழியும் பொறுப்பில்லை என்று ஆயா சொன்னார்.

இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது மூன்றாவது பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். அறுபது குஞ்சுகள். பழைய பட்டுப் புடவையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, தடுப்பின் ஒரு பக்கத்தில் பல்புக்குக் கீழே திரை போல் தொங்கவிட்டிருக்கிறோம். வேண்டும்போது உள்ளே போகலாம், வேண்டாதபோது வெளியே வரலாம். மறுபக்கம் பல்பில்லாமல் திறந்த வெளி. அளவு சொன்னது நான், கிழித்தது அம்மா. எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும் என்பதை மட்டும் ஆயா முடிவு செய்தார். கட்டிலோடு தூக்கிப் போய்க் கொட்டகையில் வைத்தோம். பல்பைப் போட்டு, கீழே கன்னத்தை வைத்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு விரக்கடை ஏத்து" என்றார். ஏற்றினேன்.